தாடை வலிக்குக் கிளிப்பும் அறுவை சிகிச்சையும் தீர்வாகுமா?

வாசகி கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. நான்கு ஆண்டுகளாக இரண்டு பக்கமும் தாடை வலி. காலையில் எழும்போதே கன்னம் இறுகிப்போயிருக்கும். மாலைக்குள் வலி நெற்றிப்பொட்டு வரை ஏறிவிடும். வாய் திறக்கும்போது இடப்பக்கம் 'டக்' என்று சத்தம் வருகிறது. பகல் முழுக்க கணினி முன்னால் வேலை. இரவில் பல்லின் மேல் மாட்டும் உறையான நைட் கார்டை, கடையில் கிடைக்கும் ரப்பர் வகையில் வாங்கி, மூன்று மாதம் போட்டும் பலனில்லை. என் கீழ்த்தாடை சிறு வயதிலிருந்தே உள்வாங்கி இருக்கும்; மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே 8 மி.மீ. இடைவெளி. ஒன்றரை ஆண்டு கிளிப் போட்டு, பிறகு அறுவை சிகிச்சை செய்து கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்தால் வலி போய்விடும் என்று பல்சீரமைப்பு மருத்துவர் சொல்கிறார். இதுவரை எக்ஸ்ரே மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். முகத்தோற்றத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை, வலி போனால் போதும். செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 8 மி.மீ. இடைவெளியைச் சரிசெய்யக் கிளிப்பும் அறுவை சிகிச்சையும் நல்ல வழிகள்தான். ஆனால் நீங்கள் கேட்பது வலிக்கு நிவாரணம். அதை அவை தரும் என்று நம்புவதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. எதிர்ப்பக்கம் காட்டும் ஆதாரம் ஒன்று இருக்கிறது. தாடை சிறு வயதிலிருந்தே இப்படித்தான் என்கிறீர்கள். வலி வந்ததோ 30 வயதில். அதே தாடையும் அதே பல்வரிசையும் அதுவரை வலியில்லாமல் மென்று, பேசி, கொட்டாவி விட்டிருக்கின்றன. அப்படியென்றால் நான்கு ஆண்டுகளுக்கு முன் புதிதாக மாறியது எது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

பல் பொருந்தாததால்தான் தாடை மூட்டு கெடுகிறது என்பது பல் மருத்துவத்தில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்த கருத்து. இன்று அது வலுவிழந்துவிட்டது. பல்வரிசை தாறுமாறாக இருந்தும் ஒரு நாள்கூட வலி அறியாதவர்கள் நிறையப் பேர். அச்சில் வார்த்ததுபோல் வரிசை அமைந்தும் வலியில் தவிப்பவர்களும் உண்டு. தாடை மூட்டுக் கோளாறுக்குக் கிளிப் உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2010இல் திரட்டிப் பார்த்தபோது, உதவும் என்று சொல்லப் போதிய தரவு கிடைக்கவில்லை. நாள்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதல் ஒன்று 2023இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கழுத்து முதுகு நிலையைச் சீராக்கும் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால் மூட்டையும் தசை முடிச்சுகளையும் தளர்த்துவது, வலியைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் பயிற்சி ஆகியவற்றையே அது வலுவாகப் பரிந்துரைத்தது. நீங்கள் போட்ட நைட் கார்டைக்கூட அது பரிந்துரைப் பட்டியலில் வைக்கவில்லை.

"கிளிப் போட்டதும் எனக்கு வலி குறைந்ததே" என்று சிலர் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. கம்பியை முறுக்கிய ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் பல் நோகும். நோகும் பல்லை யாரும் இறுக்கிக் கடிக்க மாட்டார்கள், அதனால் தசைக்கு ஓய்வு கிடைக்கிறது. தாடை வலி ஏறி இறங்கும் இயல்புடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடிப் போகிறோம். அங்கிருந்து அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். இந்த இரண்டையும் கிளிப்பின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

இனி உங்கள் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் எலும்பு முண்டு உருளும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. அதற்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே நார்த்திசுவாலான சிறிய வட்டு ஒன்று உண்டு. வட்டு முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் துள்ளித் திரும்பினால் வருவதுதான் நீங்கள் கேட்கும் 'டக்'. வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு நகர்ந்திருப்பது தெரியும். ஆகவே சத்தம் கேட்கிறது என்பதற்காக மட்டும் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஒரு நாள் சத்தம் திடீரென்று நின்று, அதோடு வாயும் 25–30 மி.மீ.க்கு மேல் திறக்காமல் போனால், வட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது சில நாட்களுக்குள் காட்ட வேண்டும். நாள் தள்ளத் தள்ள அதை விடுவிப்பது கடினமாகும்.

வலி தசையிலா மூட்டிலா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எடைக்கருவியின் மேல் விரல் நுனியால் அழுத்தி, 1 கிலோ காட்டும் அழுத்தம் எவ்வளவு என்று பழகிக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும், தாடையைத் தளர்த்திக்கொண்டு, அதே அழுத்தத்தில் இடத்துக்கு 5 வினாடி அழுத்துங்கள். காதுக்கு முன்னால் மூட்டின்மேல் அதில் பாதி அழுத்தம் போதும். வெறுமனே நோவது கணக்கில்லை. 'தினமும் வருகிற அதே வலி' எந்த இடத்தில் கிளம்புகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும், காலை இறுக்கமும், நெற்றிப்பொட்டு வரை ஏறுவதும் தசை வலியைத்தான் அதிகம் சுட்டுகின்றன. தசை வலிக்காக எலும்பை வெட்டுவதில் நியாயம் இல்லை.

தசை ஏன் வலிக்கிறது? நாள் முழுக்க அது வேலை செய்துகொண்டே இருப்பதால். மெல்வது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் சுமார் 20 நிமிடம்தான். கணினித் திரையைக் கூர்ந்து பார்க்கும்போது பற்கள் சேர்ந்தே கிடந்தால், அந்த 20 நிமிடம் பல மணி நேரமாகிவிடும். பலமாகக் கடிக்கக்கூட வேண்டாம், லேசாகத் தொட்டிருந்தாலே தசை ஓய்வெடுக்காது. நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், அல்லது இந்த வரியைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

வலி தொடங்கிய காலத்தை ஒட்டிப் புதிய மருந்து ஏதாவது ஆரம்பித்தீர்களா? மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் செர்ட்ராலின், ஃப்ளூயாக்சடின் வகை மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிக்கும் பழக்கத்தைக் கிளப்பும். அப்படி இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தையும் கேட்டே ஆக வேண்டும். குறட்டை, காலையில் வாய் வறட்சி, பகலில் அசதி இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உள்வாங்கிய கீழ்த்தாடை உள்ளவர்களுக்கு அந்தச் சிக்கல் வர வாய்ப்பு கூடுதல். அது உறுதியானால் தாடை அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே வேறு திசைக்குப் போகும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த 12 வாரங்களுக்கு நான் சொல்வது இது. முதலில் அளவு. மேல், கீழ் முன்பற்களின் நுனிகளுக்கு இடையே சிறிய அளவுகோலை வைத்து, வலியில்லாமல் எவ்வளவு திறக்கிறது, வலியோடு எவ்வளவு திறக்கிறது என்று இரண்டையும் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் குறித்துவையுங்கள். 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு. 35க்குக் கீழே என்றால் குறைவு. தினசரி வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் 12 வாரம் கழித்து நீங்களும் சரி, மருத்துவரும் சரி, ஞாபகத்தை நம்பித்தான் முடிவெடுக்க நேரும்.

தாடையின் ஓய்வு நிலையைப் பழகுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் மேட்டில் நிற்கும், பற்கள் இரண்டு மூன்று மி.மீ. விலகியிருக்கும். அந்த நிலையிலேயே உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். தாடை இருக்க வேண்டிய இடம் அதுதான். திரையின் ஓரத்தில் ஒரு வண்ணப்பொட்டு ஒட்டிவையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் 'ன்'. முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், நாளுக்கு நூறு முறை திருத்த வேண்டிவரும். பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். நான்காவது வாரம் வாக்கில்தான் கை தானாகக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போகும்.

காலையும் மாலையும் 15–20 நிமிடம் கன்னத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம். அதன்பின் கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டையும் விரல்களால் வட்டமாக, பக்கத்துக்கு ஒரு நிமிடம் தேய்த்துவிடுங்கள். தொடர்ந்து நாக்கு நுனியை மேலண்ணத்திலிருந்து எடுக்காமல், கண்ணாடி முன், தாடை ஒரு பக்கம் வளையாமல் வாயைத் திறந்து மூடுங்கள்: ஒரு தடவைக்கு 6 முறை, நாளுக்கு 6 தடவை. நாக்கு மேலே இருப்பதால் வாய் அளவுக்கு மீறித் திறக்காது, மூட்டும் துள்ளாது. வேகம் வேண்டாம். செய்தபின் வலி அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். விரலால் வாயை அகட்டி இழுக்கும் பயிற்சியை மட்டும் பிசியோதெரபிஸ்ட் நேரில் காட்டிய பிறகே செய்யுங்கள். அவர் கழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலை முன்னால் நீட்டியபடி உட்கார்ந்தால் தாடைத் தசையும் இழுபடும்.

உணவை இரண்டு வாரம் மென்மையாக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். மாதக்கணக்கில் கூழாகவே சாப்பிட்டால் தசை பலவீனமாகி, பிறகு சாதாரண உணவே சுமையாகிவிடும். சூயிங் கம்மை முழுக்க விடுங்கள். நகம் கடிப்பது, கையில் மோவாயை ஊன்றி உட்காருவது, குப்புறப் படுப்பது ஆகியவையும் போக வேண்டும். கொட்டாவி வந்தால் முஷ்டியை மோவாய்க்கு அடியில் வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள்.

வலி கடுமையாக இருக்கும் நாட்களில் இப்யூபுரூஃபன் 400 மி.கி. உணவுக்குப் பின், நாளுக்கு மூன்று வேளை வரை, 10 நாட்களுக்கு மிகாமல் எடுப்பது வழக்கம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, வலிமாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலிமாத்திரை போடும் நிலை வந்துவிட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். தசை வலி நாள்பட்டவர்களுக்கு மருத்துவர் சிலசமயம் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. போன்ற சிறிய அளவை இரவில் எழுதுவார். நீங்கள் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ரப்பர் நைட் கார்டு பலன் தராததில் வியப்பில்லை. மிருதுவாக இருப்பதால் சிலர் அதை இன்னும் அதிகமாக மெல்வார்கள். ஸ்பிளின்ட் (பல்லின் மேல் மாட்டும் தகடு) போடத்தான் வேண்டும் என்றால் உங்கள் பல் அச்சிலிருந்து செய்த, ஒரு பல்வரிசை முழுவதையும் மூடும், 2–3 மி.மீ. தடிமனுள்ள கடின அக்ரிலிக் தகடாக இருக்கட்டும். கடித்தால் எதிர்ப்பற்கள் எல்லாம் ஒரே சமயத்தில், சம அழுத்தத்தில் படும்படி மருத்துவர் தேய்த்துப் பொருத்த வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி சரிபார்க்க வேண்டும். இரவில் மட்டும் போடுங்கள். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய வகையை மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் மெல்ல எழும்பி, முன்பற்கள் சேராமல் வாய் திறந்தபடி நின்றுவிடும் அபாயம் உண்டு. மூன்று மாதத்தில் குறிப்பேட்டில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். அது பல்லைத் தேய்மானத்திலிருந்து காக்கும் என்பது வேறு விஷயம். வலியைக் குறைக்க ஆரோக்கியமான பற்களைத் தேய்த்து 'கடியைச் சரிசெய்யலாம்' என்றோ, எல்லாப் பற்களுக்கும் கேப் போட்டு உயர்த்தலாம் என்றோ யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தேய்த்த எனாமல் திரும்ப வளராது.

இந்தப் பன்னிரண்டு வாரக் காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. கன்னத்திலோ உதட்டிலோ மரத்துப்போதல், வெளியே தெரியும் வீக்கம், காய்ச்சல், வாய் திறப்பது வாரா வாரம் குறைந்துகொண்டே போவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் உடனே காட்ட வேண்டும். 50 வயதைக் கடந்த ஒருவருக்கு மெல்லும்போது தாடை வலியும், புதிய தலைவலியும், தலை வாரும்போது உச்சந்தலை நோவும், பார்வைக் கோளாறும் வந்தால் அது ரத்தநாள அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போய்விடும். படியேறும்போது வந்து, நின்றதும் விலகும் தாடை வலி இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இதே வலியோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த அறுவை சிகிச்சைக்கு வருவோம். முதலில் கிளிப், 12 முதல் 18 மாதம். பின்தள்ளிய தாடைக்கு ஈடுகட்ட உங்கள் கீழ் முன்பற்கள் இத்தனை ஆண்டில் முன்னால் சாய்ந்திருக்கும். அவற்றை நிமிர்த்தினால்தான் தாடையைப் போதிய அளவு முன்னால் கொண்டுவர முடியும். நிமிர்த்தும்போது 8 மி.மீ. இடைவெளி இன்னும் பெரிதாகும். இதைப் பலரிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாதி வழியில் 'வலி போகவில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம்' என்று நீங்கள் நினைத்தால், தொடங்கியதைவிட மோசமான பல்பொருத்தத்தோடு நிற்பீர்கள். முதல் கம்பி ஏறும் நாளிலேயே அறுவை சிகிச்சைக்கும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறீர்கள்.

அறுவை சிகிச்சையில், வாய்க்குள்ளேயே கீறி, கீழ்த்தாடையைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, பல் உள்ள பகுதியை முன்னால் நகர்த்தி, டைட்டேனியம் தகடுகளும் திருகுகளும் கொண்டு பிணைப்பார்கள். கீழ்க்கடை ஞானப்பல் இருந்தால் ஆறு மாதம் முன்பே எடுத்துவிடச் சொல்வது வழக்கம். எலும்பு சேர 6–8 வாரம். அதுவரை முதலில் திரவமும் பிறகு மெல்லத் தேவையில்லாத மென்மையான உணவும்தான். பற்களுக்கிடையே ரப்பர் வளையங்கள் மாட்டியிருக்கும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பகுதி மூன்று வாரத்தில் வடியும். அதன்பின் இன்னும் 6–12 மாதம் கிளிப்.

பிளக்கும் எலும்புக்குள்ளேதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஆகவே அறுவைக்குப் பின் கீழுதடு மரத்துப்போவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலோருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது. வயது கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். உங்களைப் பொறுத்தவரை இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது மூட்டின் தலை. தாடையை முன்னால் இழுத்ததும் சுற்றியுள்ள தசைகளும் திசுக்களும் அதைப் பின்னால் இழுக்கும், அந்தச் சுமை மூட்டின்மேல் விழும். சிலருக்கு மூட்டுத்தலை கரையத் தொடங்கி, ஓரிரு ஆண்டில் தாடை மறுபடி பின்னால் போய்விடும். இளம் பெண்கள், சிறிய உள்வாங்கிய தாடை, செங்குத்தாக இறங்கும் தாடைக்கோணம், ஏற்கெனவே நழுவிய வட்டு ஆகியவை இந்த ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் சில உங்களிடம் இருக்கின்றன. வட்டைப் பார்க்க எம்ஆர்ஐயும், மூட்டெலும்பைப் பார்க்க சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேனும் இல்லாமல், வெறும் எக்ஸ்ரேயை வைத்து இந்த அறுவை சிகிச்சையைத் திட்டமிடக் கூடாது.

செய்துகொண்டவர்களில் பலருக்குத் தாடை வலி குறைகிறது என்பதும் உண்மை. சிலருக்கு அப்படியே இருக்கிறது, இன்னும் சிலருக்கு முன்பு இல்லாத வலி புதிதாகத் தொடங்குகிறது. நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை.

எனவே இரண்டு கேள்விகளையும் பிரித்துவிடுங்கள். வலியை மேலே சொன்ன வழியில் அடக்குங்கள். குறைந்து, ஆறு மாதம் அப்படியே நிலைத்த பிறகு, வலி என்ற ஒன்றே இருந்ததில்லை என்று வைத்துக்கொண்டு தாடையைப் பற்றி யோசியுங்கள். முன்பற்களால் கடித்துத் துண்டாக்க முடியவில்லையா? கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாக்குகின்றனவா? தூக்கத்தில் மூச்சுத் தடை உறுதியானதா? அல்லது தோற்றம் மாற வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கே வந்ததா? இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் அறுவை சிகிச்சை தக்க வழி. மூச்சுத் தடைக்கு இரண்டு தாடைகளையும் முன்னால் நகர்த்துவது நல்ல பலன் தருவதாக நிறுவப்பட்ட சிகிச்சை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால், 8 மி.மீ. இடைவெளியோடு வாழ்நாள் முழுக்க நலமாக இருக்கலாம்.

அந்த நிலையில் பல்சீரமைப்பு மருத்துவரையும் முகத்தாடை அறுவை நிபுணரையும் ஒன்றாகச் சந்தியுங்கள். கிளிப்புக்கு முன் ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் ஆரோக்கியமாக உள்ளனவா என்று பார்த்தார்களா, மூட்டுத்தலை கடந்த ஒரு வருடத்தில் மாறாமல் இருக்கிறதா, எத்தனை மி.மீ. நகர்த்தப் போகிறார்கள், கீழுதட்டு உணர்ச்சி திரும்பாதவர்கள் அவர்களுடைய நோயாளிகளில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசியாக, "இதற்குப் பிறகும் வலி இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். 'வலி இருக்கவே இருக்காது' என்று பதில் வந்தால், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, தாடை வலிக்கென்றே பயிற்சி பெற்ற இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து வாங்குங்கள்.